சங்கு ஊதாமல் வரும் ஆபத்து

சர்க்கரை வியாதி பணக்காரர்களின் வியாதி என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக நம் ஜனங்களிடம் இருந்து வருகிறது. திண்டில் சாய்ந்துகொண்டு நெய்யும் பருப்புமாகச் சாப்பிடுகிறவனுக்குத்தான் அது வரும். கரிசல் காட்டில் களை வெட்டுகிறவனுக்கும், மில்லில் அறுந்த இழையை முடிகிறவனுக்கும், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற பெண்ணுக்கும் அது ஏன் வரப்போகிறது என்று கேட்பார்கள்.

இந்தப் பேச்சு பொய்யாகி வெகு நாளாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று அது கணக்குக் காட்டியது. அதே ஆய்வின் முதல் கட்டமாக 2011இல் வெளியான கணக்குப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர் நூறு பேரில் பத்துப் பேருக்கு இந்த வியாதி இருந்தது. பணக்காரர்கள் மட்டும் சேர்ந்து இத்தனை கோடி ஆகிவிட மாட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். 2025 ஏப்ரலில் பாங்காக் நகரில் கூடிய சர்வதேச நீரிழிவு சம்மேளனம், போஷாக்குக் குறைவோடு வளர்ந்த உடம்புக்கு வரும் சர்க்கரை நோயைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டு, அதற்கு ஐந்தாம் வகை என்று பெயர் கொடுத்தது. இதற்கு ஆதாரமான ஆராய்ச்சியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. பசியும் சர்க்கரை நோய்க்கு வழிவிடும் என்பதை உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே இது நம்முடைய பிரச்னை.

ஏறுவது மட்டும்தான் ஆபத்தா?

சர்க்கரை ஏறினால் கண் போகும், சிறுநீரகம் கெடும், காலில் புண் ஆறாது. இதை ஜனங்கள் இப்போது தெரிந்து வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், சர்க்கரை இறங்கினாலும் ஆபத்து என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. ஏறும் சர்க்கரை பல வருஷங்களில் செய்கிற நாசத்தை, இறங்கும் சர்க்கரை அரைமணி நேரத்தில் செய்துவிடும்.

மூளை நம் உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதற்கு வேண்டியது ரத்தத்தில் ஓடும் சர்க்கரை. அதைச் சேமித்து வைக்க மூளைக்குக் குதிர் கிடையாது. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று உலை வைக்கிற குடும்பத்தைப் போல, வரத்து நின்றால் அந்தக் கணமே அதற்குப் பட்டினி.

ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை போனால் அது எச்சரிக்கைக் கோடு. 54க்குக் கீழே போனால் உடனே கவனித்தாக வேண்டிய அபாயக் கோடு. அதற்கும் கீழே போகப் போக, பேச்சு குழறும், புத்தி தடுமாறும், வலிப்பு வரும், நினைவு தப்பும். சில சமயம் உயிரும் போகும்.

இந்த இறக்கம் சர்க்கரை வியாதியால் தானாக வருவதல்ல; பெரும்பாலும் மருந்தால் வருவது. எல்லா மருந்தாலும் அல்ல. மெட்பார்மின் மாத்திரை ஒன்றை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும்தான் அது உண்டு. இந்த மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை கேட்பதில்லை.

உடம்பின் சங்கு

மில் சங்கைப் பற்றி நம் தொழிலாளிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கு ஊதினால் ஷிப்டுக்கு ஆள் எழுந்துவிடும். உடம்புக்கும் அப்படி ஒரு சங்கு இருக்கிறது. சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலின் என்ற சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, குப்பென்று வியர்க்கிறது, பசி வயிற்றைக் கிள்ளுகிறது. 'ஏதாவது சாப்பிடு' என்று உடம்பு ஊதுகிற சங்கு அது.

இந்தச் சங்கு ஊதாமல் போவதும் உண்டு. இன்று நாம் எழுத வந்த விஷயம் இதுதான்.

ஒருவருக்கு அடிக்கடி சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தால், உடம்பு அதற்குப் பழகிப்போகிறது. முன்பு 65க்கு நடுங்கிய கை, பிறகு 55 ஆனாலும் நடுங்குவதில்லை. அப்புறம் 45 ஆனாலும் நடுங்குவதில்லை. சங்கு ஊதுவதற்கு முன்பே மூளை மங்கிவிடுகிறது. எச்சரிக்கையும் இல்லை, எச்சரிக்கை வந்தாலும் அதைப் புரிந்துகொள்ள அந்த நேரத்தில் புத்தியும் இல்லை. பல வருஷமாக இன்சுலின் போடுகிறவர்களிடம் இது அதிகம். இளவயதிலேயே இன்சுலினை நம்பி வாழ நேர்ந்த முதல் வகை நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த உணர்வு மங்கியிருக்கிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அப்படி மங்கியவர்கள், மற்றவர் உதவியின்றி எழ முடியாத அளவுக்கு விழுவது சுமார் ஆறு மடங்கு அதிகம்.

ரத்தக் கொதிப்புக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். சித்திரை வெயிலில் பருத்தி எடுக்கிறவள் வியர்வையைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பாள்? புளோரூமில் நிற்கிறவன் வியர்வையைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வான்? டாக்டர் புத்தகத்தில் எழுதியிருக்கிற அடையாளங்கள் எல்லாம் நம் உழைப்பாளிக்குத் தினமும் வருகிற அடையாளங்கள். வியர்வை, களைப்பு, பசி, தலைக்கிறுகிறுப்பு! சர்க்கரை இறக்கமும் உழைப்பின் அலுப்பும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரைவிட நம் ஆட்களுக்கு ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

உழைப்பும் பசியும் செய்கிற வேலை

விடியற்காலம் ஊசி போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் கூழை ஊற்றிக்கொண்டு, உளுந்து பறிக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் போகிறார்கள். 'இந்த நிரையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம்' என்பார் வேலை வாங்குகிறவர். ஊசி மருந்து நிரை முடியும்வரை காத்திருக்காது. உழைக்கிற தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். உழைத்த அன்று இரவும் இழுக்கும். பகலெல்லாம் மண் வெட்டியவருக்கு நடுச்சாமத்தில், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்குவது இதனால்தான். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே சைக்கிள் மிதித்தால், மருந்து இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும்.

மில்லில் வாரத்துக்கு ஒரு ஷிப்டு. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. மாத்திரைச் சீட்டில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதியிருக்கிறது. ராத்திரி ஷிப்டுக்காரனுக்குக் காலை எது, இரவு எது? இந்தக் கேள்வியை அவன் கேட்டாலொழிய யாரும் அவனுக்குப் பதில் சொல்வதில்லை.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் குடித்தால், ஈரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கி ரத்தத்துக்கு விடுவது தடைப்படுகிறது. ஊசியும் போட்டு, சாப்பிடாமல் குடித்தவன் விழுந்தால், வாடையைப் பார்த்துவிட்டு 'கிடக்கட்டும், தெளிந்தால் எழுந்திருப்பான்' என்று போய்விடுகிறார்கள். அவன் எழுந்திருக்காமலே போகலாம்.

குடிக்காதவனுக்கும் இதே கதி. சர்க்கரை இறங்கினால் தள்ளாடுவான், சம்பந்தமில்லாமல் பேசுவான், கோபித்துக்கொள்வான். மேஸ்திரி என்ன சொல்வார்? 'குடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறான், வெளியே அனுப்பு!' வியாதிக்குக் குற்றப்பத்திரிகை! ஒரு டம்ளர் சீனித்தண்ணீர் கொடுக்க வேண்டிய இடத்தில் சஸ்பெண்டு உத்தரவு. இந்த அநியாயத்துக்குப் பயந்து எத்தனை பேர் தங்கள் வியாதியையே மறைக்கிறார்கள்! மறைக்கிறவனுக்குப் பக்கத்து மிஷின்காரன் எப்படி உதவுவான்?

சராசரி என்னும் மாயம்

'மாதா மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிறார்களே, போதாதா?' என்று சிலர் கேட்கலாம். போதாது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த கணக்கு, பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டில் நடப்பதைச் சொல்லாது.

மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. அது அவசியமான சோதனைதான். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. ஒரு நாளில் 300க்கு ஏறி, இன்னொரு நேரத்தில் 45க்கு இறங்குகிறவனுக்கும் சராசரி அழகாகவே வரும். மில் முதலாளியின் வருமானத்தையும் தீப்பெட்டித் தொழிலாளியின் கூலியையும் கூட்டி இரண்டால் வகுத்து, 'இந்த ஊரில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள்' என்று சொல்வதைப் போன்றது அது. சராசரியில் பசி தெரிவதில்லை, இறக்கமும் தெரிவதில்லை.

சர்க்கரையை எவ்வளவுக்கெவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்ற எண்ணமும் தவறு. 1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 நோயாளிகளை வைத்து நடந்த பெரும் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. சர்க்கரையைக் கெட்டியாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் தப்புகின்றன என்று அது நிரூபித்தது. அதே சமயம் கடுமையான இறக்கம் சுமார் மூன்று மடங்கு கூடியதையும் காட்டியது. ஆகவே கட்டுப்பாடும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். பாய்லரில் அழுத்தமானியைக் கழற்றிவிட்டு நெருப்பை மட்டும் கூட்டச் சொன்னால் எந்தத் தொழிலாளி ஒப்புக்கொள்வான்?

கருவி யாருக்கு?

உடம்பின் சங்கு ஓய்ந்தவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு சங்கு வேண்டும். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து, பட்டையில் வைத்துப் பார்க்கும் சிறு கருவி முதலாவது. கருவியின் விலை பெரிதல்ல. பட்டைதான் ஆளை உறிஞ்சுகிறது. ஒரு பட்டை பத்து ரூபாயிலிருந்து இருபது ரூபாய் வரை ஆகிறது. இன்சுலின் போடுகிறவர் நாளைக்கு மூன்று முறை பார்க்க வேண்டுமென்றால், மாதம் தொண்ணூறு பட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறைந்தது தொள்ளாயிரம் ரூபாய். எந்தக் கூலிக்காரர் வீட்டில் இதற்குத் தனியாகப் பணம் இருக்கிறது?

இரண்டாவது, புதிதாக வந்திருக்கிற கருவி. கையில் ஒட்டிக்கொண்டால், தோலுக்கு அடியில் மெல்லிய இழை ஒன்று உட்கார்ந்து சில நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையைக் கணக்கெடுக்கிறது. சில வகைகள், இறங்கும்போதே மணியடித்து எழுப்பிவிடும். தூக்கத்தில் இறங்குகிறவருக்கு அது உயிர்க்காவல். ஆனால் ஒரு கருவி ஏறக்குறைய இரண்டு வாரம்தான் வேலை செய்யும். பிறகு சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வேறு வாங்க வேண்டும். பிரிட்டனில் 2022 மார்ச்சிலேயே, முதல் வகை சர்க்கரை நோயாளிகளான பெரியவர்கள் எல்லோருக்கும் பொது மருத்துவச் சேவையில் இந்தக் கருவியைக் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டின் மருத்துவ நிர்ணய நிறுவனம் வழிகாட்டியது. இங்கோ, காசுள்ளவன் கையில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1921இல் டொரண்டோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் உரிமைப் பத்திரத்தை 1923இல் டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மருந்து உலகத்தின் சொத்து என்று அந்த மனிதர்கள் கருதினார்கள். நூறு வருஷம் கழித்து, அந்த மருந்தைப் பயமில்லாமல் போட்டுக்கொள்ள உதவும் கருவி லாபத்தின் சொத்தாகிவிட்டது.

'இதற்குமேல் கேட்பதா?'

'வீடு தேடி மாத்திரை கொடுத்தார்களே, இதற்குமேலும் கேட்பதா?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நாம் குறை கூறவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது வாசலில் மருந்து கொண்டுவந்து சேர்த்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு அதற்கு விருதும் கொடுத்தது. குறைந்த ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடந்து அந்த வேலையைச் செய்த பெண் தன்னார்வலர்களுக்கே அந்தப் பெருமை சேரும்.

ஆனால் சர்க்கரையை இறக்கும் மருந்தை வீட்டில் கொடுக்கிற சர்க்கார், அது அளவுக்கு மீறி இறங்கினால் கண்டுபிடிக்கிற வழியையும் கொடுக்க வேண்டாமா? இது சலுகை கேட்பதல்ல. கொடுத்த மருந்தை முழுமையாகக் கொடுக்கச் சொல்வது.

இதற்கு அஞ்சி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய கேடு. டாக்டரிடம் போய் 'எனக்கு இறங்குகிறது, சில சமயம் தெரியவே மாட்டேன் என்கிறது' என்று சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே கூறுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அது ஆபத்து. இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. ஓய்ந்த சங்கு மறுபடியும் ஊதும். இரண்டு மூன்று வாரம் ஒரு தடவைகூட இறங்காமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால், பலருக்கு அந்த உணர்வு திரும்பி வருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அந்த இரண்டு மூன்று வாரக் கவனத்துக்குத்தான் கருவியும், பட்டையும், வேளாவேளைக்குச் சோறும் வேண்டும்.

இன்றே செய்யக் கூடியது

மருந்து சாப்பிடுகிறவர்கள் முந்தியிலோ மடியிலோ சீனிப் பொட்டலம் முடிந்துகொண்டு போக வேண்டும். நடுக்கமோ தடுமாற்றமோ வந்தால், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். தெளிந்த பிறகு சோறோ கூழோ சாப்பிட வேண்டும்.

நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கும் பெருமைதான். ஆனால் இந்த அவசரத்துக்கு அது உதவாது. கடலையில் இருக்கிற எண்ணெய்ச் சத்து, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சீனியோ குளுக்கோஸ் பொடியோதான் அப்போது வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள். மாத்திரையால் இறங்கியவர் தெளிந்து எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும். அந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும். சர்க்கரை மறுபடியும் இறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் வேலை செய்கிறவரிடம் சொல்லி வையுங்கள். தனக்குத் தெரியாத இறக்கம் பக்கத்து ஆளுக்குத் தெரியும். முகம் வெளிறுவதையும் பேச்சு குழறுவதையும் முதலில் பார்க்கிறது தோழனின் கண்தான். கருவி கைக்கு வரும்வரை அந்தக் கண்தான் நமக்குக் கருவி.

நாம் கேட்பது என்ன?

இன்சுலின் போடுகிறவர் எல்லோருக்கும், இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஆபத்து உள்ளவர்களுக்கும் சோதனைக் கருவியும் பட்டையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். மருந்து கொடுக்கும்போது 'இந்த மாதம் எத்தனை முறை இறங்கியது, தெரிந்ததா?' என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்டு எழுத வேண்டும். எச்சரிக்கை உணர்வை இழந்தவர்களுக்கு, மணியடிக்கும் கருவியை அரசு ஆஸ்பத்திரியிலும் இஎஸ்ஐயிலும் கொடுக்க வேண்டும்.

மில்லிலும் தீப்பெட்டி ஆபீசிலும் முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸும் சோதனைக் கருவியும் இருக்க வேண்டும். வியாதிக்காரர் வேளைக்குச் சாப்பிடவும், வேண்டும்போது ஐந்து நிமிஷம் உட்காரவும் கூலி வெட்டில்லாமல் அனுமதிக்க வேண்டும். சர்க்கரை இறங்கித் தடுமாறியவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது.

ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரைமணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிலாளர்களின் எதிர்ப்பால் அது வாபஸ் ஆயிற்று. ஓய்வு நேரம் என்பது வெறும் சங்கப் பேச்சல்ல. சர்க்கரை வியாதிக்காரனுக்கு அது மருந்துச் சீட்டின் ஒரு பகுதி. அந்த அரைமணியில் கை வைத்தால் அவன் உயிரில் கை வைப்பதாகும்.

ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒவ்வொரு இலாகாவிலும் இரண்டு பேருக்காவது இந்த முதலுதவியைக் கற்றுக்கொடுக்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒவ்வொரு கிராமத்திலும் ஊசி போடுகிறவர்களைக் கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கருவியும் பட்டையும் கேட்போம். தனியாளாகக் கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். கூட்டமாகக் கேட்டால் ஸ்டாக் வரும்!